வேடந்தாங்கல் ஆசனமும் முட்டி கேசட்டும்

போன வியாழக்கிழமை காலை ஆறரை மணி. என் எதிரே வாசுகி தரையில் பாய் விரித்து மல்லாந்து கிடக்கிறார். வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாசுகியின் குரல் மட்டும் கேட்கிறது!

"மெதுவா... இன்னும் கொஞ்சம்... கழுத்தைப் பின்னாடி திருப்புங்க... இன்னும் நல்லா..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த பால் பிளாஸ்க் நழுவி, நல்லவேளை, என் கால் மேலேயே விழுந்தது.

பேய் பிசாசு சமாசாரம் போலிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கேபிள் டி.வி. சமாசாரம். அதைவிட மோசம்.

வாசுகியை உங்களில் பலருக்குத் தெரியாது. செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். மதுரைப் பக்கத்துக்காரர். கணவருக்குக் கல்பாக்கத்தில் உத்தியோகம். விடியற்காலை ஆபீஸ் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. வாசுகி வாடகை வீட்டின் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு யோகா வகுப்பு நடத்துகிறார். டீச்சரும் அவரே, கூட்டிப் பெருக்குவதும் அவரே, கேட்டில் சிலேட்டு மாட்டுவதும் அவரே. உதவிக்கு ஓர் ஆள் கிடையாது.

என் மனைவி அந்த வகுப்புக்குப் போகிறாள். நான்? எனக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரை கொளவாய் ஏரிப் பக்கம் நடை. யோகா, டி.வி. எதற்கும் அந்த நேரத்தில் இடம் கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஆறு மாதம் முன்பு வாசுகியும், எங்கள் ஏரியா கேபிள் ஆபரேட்டர் டில்லிபாபுவும் ஒன்றாக என்னைப் பார்க்க வந்தார்கள். டில்லி தன் லோக்கல் சேனலில் தினமும் காலை ஆறரைக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தருகிறானாம். வாசுகி அதில் யோகா சொல்லித்தர வேண்டும். வகுப்புக்கு அதுவே விளம்பரம். என்ன செய்தால் எடுபடும் என்று 'எழுதுற சார்' ஒரு யோசனை சொல்ல வேண்டும்.

யோசனை கேட்டால் எனக்குத் தலை கால் புரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே! நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தேன்.

"தினம் தினம் புதுசு வேணும் வாசுகி. நேத்து காட்டினதை இன்னிக்குக் காட்டினா போச்சு. பாக்கறவன் ரிமோட்டைக் கையிலயே வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு அமுக்கு... நீங்க காலி. என்னைப் பாருங்க. பதினோரு வருஷமா வாராவாரம் எழுதறேன். ஒரு தடவையாவது சொன்னதையே சொல்லியிருக்கேனா?"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கொசுவைப் பத்தி நாலு தடவை."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. துரதிர்ஷ்டம், வாசுகியும் வாங்கவில்லை. கையோடு கொண்டு வந்திருந்த நோட்டில் 'தினம் புதுசு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

முதல் நாள் நிகழ்ச்சி முட்டி வலிக்கு. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் சாதாரணப் பயிற்சி. அப்புறம் வரிசையாக எல்லா ஆசனங்களும் வந்தன. இரண்டாவது மாதம் மூச்சுப் பயிற்சி. மூன்றாவது மாதத்திலேயே சரக்கு தீர்ந்துவிட்டது. தீராதா பின்னே? ஆண்டவன் மனுஷனுக்குக் கொடுத்தது இரண்டு கை, இரண்டு கால், ஓர் இடுப்பு. தினம் புதுசாக எதை மடக்குவது?

கண்ணுக்குப் பயிற்சி, தாடைக்குப் பயிற்சி, காதுமடலுக்குப் பயிற்சி என்று இறங்கினார். சப்பாத்திக் கட்டையை உள்ளங்காலில் உருட்டினார். அதுவும் தீர்ந்ததும், "பேக்ரவுண்டை மாத்துங்க" என்று அதற்கும் நான்தான் ஐடியா கொடுத்தேன். டில்லி கேமராவைத் தூக்கிக்கொண்டான். மாமல்லபுரம் கடற்கரையில் அவர் தனுராசனம் போட, வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று கை தட்டினார்களாம். சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரோரம் சவாசனம் போட, ஆடு ஒன்று வந்து முகத்தை முகர்ந்து பார்த்ததாம். கேட்டுவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

வாசுகி சிரித்தாரா? நான் கவனிக்கவில்லை.

என் மனைவி கவனித்திருக்கிறாள். "முன்னெல்லாம் ஒவ்வொருத்தர் கிட்டயும் வந்து முதுகைத் தொட்டுத் திருத்துவா. இப்ப 'அப்படியே பண்ணுங்க'ன்னு சொல்லிட்டு மூலையில உக்காந்து நாளைக்கு என்ன காட்டலாம்னு நோட்ல எழுதறா. பாதிப் பேர் நின்னுட்டாங்க. மத்தியானம் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துலயும் அந்த நோட்டுதான். மூஞ்சியே விழுந்துபோச்சு" என்றாள்.

"தொழில்னா அப்படித்தான்" என்றேன் நான். பெரிய தொழிலதிபர்!

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். திங்கட்கிழமையிலிருந்து வாசுகி வீட்டு சிலேட்டில் 'காய்ச்சல். வகுப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. வகுப்பு இல்லாவிட்டால் என் மனைவி எட்டு மணிக்குத்தான் கண் விழிப்பாள். அதனால் புதன் இரவே சொல்லிவைத்துவிட்டாள், "நடக்கப் போற வழியில அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் பால் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுங்க" என்று. மங்கி குல்லாயும் கேன்வாஸ் ஷூவுமாகப் போய்ச் சேர்ந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே போனால், மேலே சொன்ன காட்சி.

பிளாஸ்க் விழுந்த சத்தத்தில் வாசுகி தலையைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார்.

"காய்ச்சலுன்னு எழுதியிருந்துச்சு?" என்றேன்.

"பொய் சார். இடுப்பு." கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. "தசை கிழிஞ்சிருக்காம். மூணு வாரம் அசையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. யோகா டீச்சருக்கே இடுப்பு போச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் மாடிக்கு யார் சார் வருவா? அதான் வீட்டுக்காரரைக் காய்ச்சல்னு எழுதச் சொன்னேன்."

எப்படி ஆயிற்று? ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கலில் ஷூட்டிங். காட்டுவதற்கு எதுவுமே மிச்சமில்லாமல் போயிருக்கிறார். ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அங்கே ஒரு கரண்டிவாயன் பறவை. பெயருக்கேற்ற மாதிரி கரண்டி மூக்கு. ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை முழுசாகப் பின்னால் திருப்பி, அந்த மூக்கை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு சுகமாகத் தூங்கியிருக்கிறது. வாசுகிக்குப் பொறி தட்டியிருக்கிறது... புது ஆசனம்!

பதினைந்து வருடம் முறையாகப் படித்த ஒரு டீச்சர், ஒரு பறவையைப் பார்த்து அங்கேயே ஓர் ஆசனத்தைக் கண்டுபிடித்து, அதற்கு 'வேடந்தாங்கல் ஆசனம்' என்று பெயரும் வைத்து, கேமரா முன்னால் செய்து காட்டியிருக்கிறார். கழுத்தைத் திருப்பி, இடுப்பை முறுக்கி, ஒற்றைக் காலில். கேமரா நிற்கிற வரை சிரித்த முகம். டில்லி வண்டியைத் திருப்பப் போனதும், காலைக் கீழே வைத்திருக்கிறார். இடுப்பில் 'க்ளக்' என்று ஒரு சத்தம்.

டில்லியிடம்கூடச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேனில் உட்கார்ந்து வீடு வந்திருக்கிறார். இதையெல்லாம் கேட்டு நான் உறைந்துபோய் நிற்கும்போதுதான் மறுபடி அந்தக் குரல், பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக.

"இப்ப வலது காலைத் தூக்குங்க... இடுப்பை முறுக்குங்க... இன்னும் நல்லா..."

வாசுகியின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயையோ, அது அந்த கேசட்! காய்ச்சல்னதும் நிகழ்ச்சியையே நிறுத்தியிருப்பாருன்னு நினைச்சேனே... நேத்து வரைக்கும் பின் ரூம்ல கிடந்ததுல காதுல விழலை... சார், எனக்கு ஆனது ஊருக்கே ஆயிடும் சார்! நான் பதினைஞ்சு வருஷம் பழகின உடம்பு. எனக்கே இப்படி. வீட்டுல இருக்கறவங்க பண்ணினா? வயசானவங்க பண்ணினா?"

புது கேசட் வராததால் கடைசியாக எடுத்ததையே டில்லி திங்கட்கிழமையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறான்! நாலு நாள். செங்கல்பட்டு முழுக்க.

ஹாலுக்கு ஓடி டில்லிக்கு போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. இதற்குள் எத்தனை பேருக்குப் பிடித்துக்கொண்டதோ?

"நேராப் போயிடறேன். ஆனா நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பான். என்ன சொல்ல?"

வாசுகி இரண்டு விநாடி விட்டத்தைப் பார்த்தார். அந்த மாடி வகுப்பு அவருடைய உயிர். டில்லியிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் அதையே சேனலில் ஓடவிடுவதும் ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும்.

"உள்ளதைச் சொல்லிடுங்க சார். என் பேர் போனாப் போகட்டும். ஓடுங்க!"

வாசலில் அவருடைய கணவரின் சைக்கிள் நின்றிருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே டி.வி. முன்னால் ஓர் ஆள் ஒற்றைக் காலில், இடுப்பை வளைத்து, தள்ளாடிக்கொண்டு...

"நிறுத்துங்க! காலைக் கீழே போடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்த மனிதர் அதிர்ந்துபோய்த் திரும்பினார். பேன்ட் மாட்டிக்கொண்டிருக்கிறார், பாவம். இரண்டாவது காலை நுழைக்கும் நேரத்தில், குல்லாய் போட்ட ஒருவன் வாசலில் நின்று கத்தினால் அவர்தான் என்ன செய்வார்? கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

நான் சைக்கிள் ஓட்டிப் பல வருடமாகிறது. அன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே... வழியில் ஒவ்வொரு வீட்டு ஆன்டெனாவையும், தொங்கும் கேபிள் ஒயரையும் பார்க்கப் பார்க்கப் பகீர் பகீரென்றது. ஒவ்வொரு ஒயரின் முனையிலும் யாரோ ஒருவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். எல்லாம் என் வாயால் வந்தது.

டில்லியின் கன்ட்ரோல் ரூம் ஒரு மாவு மில்லின் மாடியில் இருக்கிறது. மூச்சிரைக்க ஏறினேன். டில்லி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். போன் ரிசீவர் மேஜைமேல் தனியாகக் கிடந்தது.

"இன்னா சார், காலங்காத்தால இப்டி மூச்சு வாங்கிகினு வர்றீங்க? வூட்ல படம் தெர்லியா?"

"நிறுத்துடா அதை!"

"எத்த?"

"வாசுகி கேசட்டை! போனை ஏன் எடுத்துக் கீழே வெச்சிருக்க?"

"காலைல ஒரே பேஜாரு சார். போன் மேல போன் வந்துகினே கீது. அதான்..."

போன் மேல் போன்! சுவரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை முழுசாகச் சொன்னேன். கரண்டிவாயன், க்ளக், மூன்று வாரம் படுக்கை, எல்லாம். டில்லியின் வாய் திறந்தபடியே நின்றது. சட்டென்று எழுந்து கேசட்டைப் பிடுங்கினான். திரை கறுப்பானது.

"யக்கா ஒரு வார்த்த சொல்லலியே சார்... வண்டில வரும்போது சிரிச்சிகினேதான வந்துச்சி..." என்றவன் கறுப்புத் திரையைப் பார்த்தான். "சேனல சும்மா வுட முடியாது. எதுனா ஒண்ணு ஓடணும்." அலமாரியைக் குடைந்து கைக்கு வந்த கேசட்டை எடுத்துச் செருகினான். முதல் நாள் எடுத்தது. நாற்காலியும் முட்டியும்.

ரிசீவரை எடுத்து போன்மேல் வைத்தேன். வைத்த கை எடுப்பதற்குள் மணி அடித்தது. முதல் ஆள்! இடுப்பா, கழுத்தா? டில்லி தயங்கினான். நான்தான் பொத்தானை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன். எது வந்தாலும் நானும் கேட்க வேண்டும் இல்லையா?

"டேய் டில்லி!" வயதான ஆண் குரல். "இப்பத்தான்டா உருப்படியா ஒண்ணு போட்ருக்க! இத்த எடுத்துராத, சொல்லிட்டேன்."

டில்லி என்னைப் பார்த்தான். நான் போன் பக்கம் குனிந்தேன். "ஐயா, நாலு நாளா ஒரு ஆசனம் வந்துதே... ஒத்தக் கால்ல... அதைச் செஞ்சீங்களா? உடம்பு நல்லாருக்கா?"

"யாருப்பா அது புதுசா? அத்தெல்லாம் யாரு செய்வா? அந்த அம்மா பாவம் என்னென்னமோ பண்ணிகினு கீது. நாங்க பாத்துகினே நாஸ்தா துன்னுவோம். இந்த முட்டி ஒண்ணுதான் செய்ற மாரி கீது. ஆறு மாசமா கேட்டுகினே கீறேன், இத்தயே போடுடான்னு. ஒரு வாட்டி பாத்தா எனக்கு எப்டி வரும்? நாலு வாட்டி பாத்தாதான நைனா வரும்!"

போனை வைத்தார். மறுபடி மணி. ஒரு அம்மாள். அதே முட்டி. "நாளைக்கும் இதையே போடுவீங்களாங்க?" மூன்றாவது ஒரு டைலர். தையல் மிஷின் மிதித்து மிதித்து முட்டி போனவர். அவருக்கும் அதே கேசட்.

இத்தனை நேரம் எனக்கு இருந்த அதிர்ச்சி ஒரு வகை. இது வேறு வகை. ஊரில் ஒரே ஓர் இடுப்புகூடப் பிடித்துக்கொள்ளவில்லை! ஏனென்றால் ஊரில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. வாசுகி சோறு தூக்கம் விட்டு, வகுப்பைக் கோட்டைவிட்டு, கடலுக்கும் கோட்டைக்கும் ஏரிக்கும் அலைந்து உருவாக்கிய நிகழ்ச்சிகளை ஜனங்கள் இட்லிக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது முதல் நாள் அரை மணி நேரம் மட்டும்.

"ஏன்டா, ஆறு மாசமா போன் வருதுன்னா வாசுகிகிட்ட சொல்ல வேணாமா?"

டில்லி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்கதான சார் சொன்னீங்க, பழச போட்டா ஜனம் பூடும்னு? எழுதுறவங்க சொன்னா கரீட்டா இருக்கும்னு நெனச்சேன். யக்கா மனசு கஷ்டப்படும்னு சொல்லாம வுட்டுட்டேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

யோசித்துப் பாருங்கள். கோயிலில் தினம் அதே அர்ச்சனை. டீக்கடையில் தினம் அதே டீ, ருசி ஒரு நாள் மாறினால் சண்டைக்குப் போகிறோம். பல் தேய்ப்பதில் என்ன புதுசைக் கண்டோம்? உடம்பு தேறுவதே ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட தொழிலில் இருக்கும் ஒருவரிடம் போய் 'தினம் புதுசு' என்று உபதேசம் செய்தவனை என்ன செய்யலாம்?

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். ஓட்டத் தெம்பில்லை. வாசுகி அதே பாயில், கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"யாருக்கு சார்? எத்தனை பேருக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சே வலித்ததில் முகம் சுளித்தது. பிறகு மிச்சத்தைச் சொன்னேன். பெரியவர், நாஸ்தா, முட்டி, டைலர். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. "சிரிக்க வைக்காதீங்க சார், இடுப்பு, இடுப்பு" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. நீர் நிற்கவில்லை.

"அப்ப நான் யாருக்காக சார் இடுப்பை ஒடிச்சுக்கிட்டேன்?"

நான் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் பாலை ஊற்றினேன். ஆறியிருந்தது.

"இதை எழுதுவீங்கல்ல? எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. ஒளிச்சு வெச்சது போதும். ஆனா உங்க பங்கையும் விடாம எழுதணும்" என்றார்.

முட்டி கேசட் அன்றிலிருந்து தினமும் ஓடுகிறது. சிலேட்டில் 'காய்ச்சல்' அழிக்கப்பட்டு, 'டீச்சருக்கு இடுப்பு சரியில்லை. மூன்று வாரம் கழித்து வகுப்பு, பழைய பாடமே' என்று என் மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது. மாடி வகுப்பைப் பாதியில் விட்டவர்கள் நாலைந்து பேர் பார்க்க வந்தார்களாம். மற்றபடி அந்த வகுப்பு பழையபடி நிரம்புமா? எனக்குத் தெரியாது.

என் பங்கை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

வாசுகி கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதே பதில் தெரியும். இந்த ஊரில் புதுசு வேண்டும் என்று கேட்டது ஒரே ஓர் ஆள். அது நான். காலை ஆறரைக்கு நான் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருப்பேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒரே ஆளும் இந்த ஆறு மாதத்தில் அந்த நிகழ்ச்சியை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. வாசுகி, இதைப் படித்ததும் கோபத்தில் சட்டென்று எழுந்துவிடாதீர்கள்... இடுப்பு!